சர்ஜிமான் சுரண்டாத எண்

அதிர்ச்சி என்பது சின்ன வார்த்தை. கெடுங்சாரி ஊர் சர்ஜிமானுக்கு அது அறுபது வயதில் வந்தது, அதுவும் சொந்த வீட்டு முற்றத்தில், சொந்த சைக்கிளிடமிருந்து. அதுவரை பழைய சைக்கிள் விஷயத்தில் அவரை யாரும் அசைத்ததில்லை. அவர்தான் மற்றவர்களை அசைப்பார். "இது நீங்க சொல்ற மாதிரி டச்சுக்காரன் இருந்தப்ப வந்ததில்ல, அவன் மூட்டை கட்டினப்ப வந்தது" என்று ஒரே வாக்கியத்தில் பெரிய பெரிய மனிதர்களின் முகத்தைத் தொங்க வைத்துவிடுவார்.

ஜாவாவில், யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே, நெல் மில்லை ஒட்டி அவருடைய பட்டறை. பஞ்சர் ஒட்டுவது, வீல் கோட்டம் எடுப்பது, செயின் மாற்றுவது. வாலிபத்தில் அதே சாலையில் தென்னை வெல்லக் கூடைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்தைக்கு மிதித்தவர்தான். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ஊரே கூடி டச்சு சைக்கிள்களைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டது. பிரித்துக் கொடுக்க சர்ஜிமானைத்தான் கூப்பிட்டார்கள். பிரிக்கும்போது சீட்டுக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில் அடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பார். இந்த சைக்கிளுக்கு இன்ன எண், அதை வாங்கியவர் சொன்ன வருஷம் இன்னது என்று பார்த்துப் பார்த்து அது மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எண் ஏற ஏற வருஷம் ஏறும். எந்தக் கம்பெனி எந்த வருஷம் எந்த ஆயிரத்தில் நின்றது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

எடைக்குப் போட்ட அதே சனங்கள்தான் பிற்பாடு அழுதுகொண்டு தேடி வந்தார்கள். பழைய சைக்கிளுக்கு மவுசு வந்துவிட்டது. சங்கம் வைத்தார்கள். ஞாயிறு காலையில் துரை மாதிரித் தொப்பி போட்டு, மரத்துப்பாக்கியைத் தோளில் மாட்டி, தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கண்றாவி. ஆனால் சைக்கிள் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் நிஜம், அதைக் குறை சொல்லக்கூடாது. யார் சைக்கிள் மூத்தது என்பதில்தான் எல்லாச் சண்டையும். மூத்த வண்டிக்குத்தான் மரியாதை. அதனால் திருட்டுப்பயல்கள் கிளம்பினார்கள். எண்ணை ராவிவிட்டு வேறு எண் அடிப்பார்கள். ஐம்பதில் செய்ததை முப்பதில் செய்ததாக்குவார்கள்.

இந்தப் பயல்களைக் கண்டால் சர்ஜிமானுக்கு ஆகாது. மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணைத் துடைப்பார், மேல்சாயத்தை நகத்தளவு சுரண்டுவார், சுருட்டுக் காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். காகிதத்தில் எண் எழும்பி வரும். ஒரு கால் கோணலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். "தம்பி, இந்த ஏழு ஹாலந்துல பொறந்தது இல்ல, நம்ம சந்தையில பொறந்தது" என்று சொல்லிக் காகிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புவார். காகிதத்தில் எழும்பாமல் வருஷம் சொல்லமாட்டேன் என்பது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டம் ஊர் முழுக்கச் செல்லும், ஒரு சைக்கிளைத் தவிர. அது அவருடைய வான்ரோன், டச்சுக் கம்பெனி வண்டி. பச்சை நிறம், உயரமான ஃபிரேம், அப்பா ஆத்மோ விட்டுப்போனது. சர்ஜிமானுக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு நாள் அதில் வந்து இறங்கினார். நகரத்தில் ஒரு சீனர் கடையில் வாங்கியதாகச் சொன்னார். அதில்தான் சர்ஜிமான் ஃபிரேமுக்கு நடுவே காலை விட்டு ஓட்டப் பழகினார், அதில்தான் வெல்லம் சுமந்தார், அதில்தான் துமினியைப் பெண் பார்க்கப் போனார். அதன் எண்ணை அவர் காகிதத்தில் எடுத்ததே இல்லை. அப்பா கையால் பூசிய பச்சை, சுரண்ட மனம் வரவில்லை. சாயத்தின் மேலேயே விரலால் தடவிப் பார்த்து, ஒன்று எட்டு ஒன்று ஏழு சைபர் ஐந்து, நாற்பத்தொன்பதாம் வருஷம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் யார் மறுப்பது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ருவாஹ் மாதம் பிறந்திருந்தது. நோன்பு மாதத்துக்கு முந்திய மாதம். ஊருக்கு ஊர் இடுகாட்டைச் சுத்தம் செய்து, இறந்தவர்களுக்குப் பூத்தூவி, ஆபெம் பணியாரம் சுட்டுப் பங்கிடுகிற மாதம். சங்கத்தின் ஞாயிறு கூட்டம் மைதானத்து ஆலமரத்தடியில் நடந்தது. சர்ஜிமானுக்கு வழக்கம்போல் ஒரு மேசை, ஒரு டம்ளர் இனிப்புத் தேநீர், வரிசையில் பத்துப் பதினைந்து சைக்கிள்கள். அந்த வரிசையில் சைக்கிள் இல்லாமல் ஒரு அம்மாள் நின்றிருந்தார். வயது அறுபதுக்கு மேல், முக்காடு போட்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மூர்தானி என்று பெயர் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இமோசாரியில் வீடு, பள்ளிக்கூடத்துக்குச் சமையல் செய்து கொடுப்பவர்.

"நம்பர் மட்டும் சொன்னா வண்டி எங்க இருக்குன்னு சொல்வீங்களா பாக்?" என்று ஐயா போட்டுக் கேட்டார்.

"எங்க இருக்குன்னு சொல்ல நான் என்ன ஜோசியனா இபு? எந்த வருஷத்துதுன்னு வேணும்னா சொல்றேன். சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஓதுகிற மாதிரி, இழுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒண்ணு, மூணு, ஒண்ணு, ஏழு, சைபர், அஞ்சு. வான்ரோன். கருப்பு.

மூர்தானியின் அப்பா ப்ராவோத்தோ பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிள் களவு போனால் அடையாளம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தார். தினமும் குர்ஆன் பாடம் முடிந்ததும் இதையும் ஒப்பிக்க வேண்டும். அறுபத்தைந்தாம் வருஷக் கடைசியில், தப்பான கட்சியில், கம்யூனிஸ்ட் கட்சியில், பெயர் இருக்கிறதென்று ஊர் ஊராக ஆட்களை அழைத்துப்போன அந்த நாட்களில், அவருக்கும் ஆள் வந்தது. விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. மூர்தானிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இதெல்லாம் சொல்லும்போது அவர் அழவில்லை. சுற்றி நின்ற தொப்பிக்காரர்கள்தான் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

"எனக்கு வண்டி வேண்டாம் பாக்" என்றார் மூர்தானி. "அது யார்கிட்ட இருக்கோ, அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கணும். அவங்களுக்கு முன்னாடி யாரு, அதுக்கு முன்னாடி யாருன்னு போனா எங்கப்பா கடைசியா எங்க இறங்கினார்னு தெரியும்ல. ருவாஹ் வந்தா எல்லாரும் பூக்கூடையோட இடுகாட்டுக்குப் போறாங்க. நான் ஆத்துல கொட்டிட்டு வரேன். ஆறு எங்கயாவது அவரைத் தொட்டுக்கிட்டுப் போகும்னு ஒரு நெனப்பு."

சர்ஜிமான் மனதுக்குள் எண்ணை ஓட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டாம் வருஷ வண்டி அது என்றார். யாராவது எண்ணைச் சிதைத்திருந்தாலும் தப்ப முடியாது, வான்ரோன் பின்சக்கரத்து நடுக்குடத்தில், அந்த ஹப்பில், வருஷம் தனியாகப் போட்டிருப்பான், அதில் முப்பத்தெட்டு என்று இருக்கும், சங்கத்து ஆட்கள் எல்லாரிடமும் சொல்லித் தேடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அப்புறம் அந்த அம்மாளைக் கொஞ்சம் லேசாக்க நினைத்து, மரத்தில் சாய்த்திருந்த தன் பச்சை வண்டியைக் காட்டினார். இதுவும் வான்ரோன்தான், உங்கள் அப்பா வண்டிக்கும் இதற்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், உங்களுக்கு மூன்று, எனக்கு எட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி என்றார். மூர்தானி அதைப் பார்த்தார். எங்கள் வண்டி கருப்பு என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் கீத்தோ இருந்தான். சங்கத்திலேயே வாய் நீளம் அவனுக்குத்தான், சர்ஜிமானைக் காங், அண்ணே, என்றுதான் கூப்பிடுவான். "காங், ஊரு நம்பரையெல்லாம் சுரண்டறீங்க. உங்க எட்டு நெஜமாவே எட்டுதானா, இல்ல மூணு வயித்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்கா?" என்றான்.

சர்ஜிமான் சிரித்தார். "போடா. திருடன் வண்டியை மூத்ததாத்தான் ஆக்குவான். எவனாவது தன் வண்டியை இளசாக்குவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான பேச்சு. பதினோரு வருஷ மரியாதையைத் தானே குறைத்துக்கொள்கிற பைத்தியக்காரன் உலகத்தில் உண்டா?

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதுதான் அவருக்கு ஹப் ஞாபகம் வந்தது. தன் வண்டியின் பின்சக்கர ஹப்பிலும் முப்பத்தெட்டு என்றுதான் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாததில்லை. நாற்பத்தொன்பது வண்டியில் முப்பத்தெட்டு ஹப் எப்படி என்று யாராவது கேட்டால், அப்பா பழைய ஹப் ஒன்றை வாங்கிப் போட்டிருப்பார் என்று சொல்லிவிடுவார். இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு எவனாவது வந்து இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் காகிதத்தைச் சுருட்டி அவன் காதில் சொருகியிருப்பார்.

பாலத்து மேட்டில் இறங்கி, மீதித் தூரத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.

துமினி சந்தைக்குப் போயிருந்தாள். முற்றத்தில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டார். மண்ணெண்ணெய்த் துணி, சுரண்டுகத்தி. பச்சை செதிலாக உதிர்ந்தது. அடியில் கருப்பு.

அந்தக் கருப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. சீனர் கடையில் வாங்கிய வண்டியை மறுபடி பூசினால் என்ன, பூசக்கூடாதா, கருப்புச் சைக்கிள் உலகத்தில் ஒன்றா இரண்டா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காகிதத்தை வைத்தார். பென்சிலால் தேய்த்தார். ஒன்று வந்தது, பிறகு அந்த இரண்டாவது எண் வந்தது. பிற எண்கள் எல்லாம் ஒரே அச்சு, மெலிந்த கால்கள். இது மட்டும் தடித்த எட்டு, கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன் வயிற்றுக்குள்ளே, மேல் நுனியிலும் கீழ் நுனியிலும், இரண்டு சின்னப் புள்ளி. மூன்றின் இரண்டு முனைகள். மூன்றின் மேல் எட்டு அச்சை வைத்து ஒரே அடி. முழுங்கினது சரியாக முழுங்கவில்லை.

சர்ஜிமான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீத்தோவிடம் தான் சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. எவனாவது தன் வண்டியை இளசாக்குவானா? ஆக்குவான். இது அந்த வண்டி இல்லை என்று ஊர் நம்ப வேண்டும் என்றால் ஆக்குவான். வருஷத்தைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? ஒரு எண் மாறினால் போதும். முப்பது வருஷமாக அடுத்தவன் வண்டியில் பித்தலாட்டம் பிடித்த சர்ஜிமானுக்கு, பித்தலாட்டத்தில் இப்படி ஒரு வகை இருக்கிறது என்று தோன்றவே இல்லை. அதுவும் தன் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு.

கருவிப்பெட்டியில் அரம் இருந்தது. நாலு இழுப்பு இழுத்தால் எட்டும் இல்லை, மூன்றும் இல்லை. மறுபடி பச்சை பூசிவிடலாம். அரத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், மறைக்கக்கூடாது. அப்பா தங்கமான மனுஷர் என்று பெயர் எடுத்தவர். பள்ளிவாசலில் முதல் வரிசை, யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆள். அந்தப் பெயர்தான் சர்ஜிமானுக்கு விட்டுப்போன சொத்து. துமினி சந்தையிலிருந்து வந்து, கவிழ்ந்த வண்டியையும் புருஷன் முகத்தையும் பார்த்துவிட்டு, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டாள். சர்ஜிமான் அரத்தைப் பெட்டியில் போட்டு மூடினார்.

அந்தக் காலத்து ஆள் என்று உயிரோடு இருப்பது அப்பாவின் தம்பி காஸ்டி லிக், அதாவது காஸ்டி சித்தப்பா, ஒருவர்தான். வயலுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார், எண்பத்தைந்து தாண்டியவர், காது பாதி, கண் பாதி. சர்ஜிமான் போனபோது புளிக்கவைத்த சோயாத் தெம்பேயைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்ஜிமான் சுற்றி வளைக்கவில்லை. ப்ராவோத்தோ வாத்தியார் வண்டி எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று காதோடு வாய் வைத்துக் கேட்டார். கிழவரின் கை சோற்றில் நின்றது. மகளைக் கூப்பிட்டு, கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கி வரச் சொன்னார். அவள் வாசல் தாண்டியபிறகுதான் கேட்டார்.

"யார் சொன்னா உனக்கு?"

"வண்டி சொல்லுச்சு லிக்."

காஸ்டி கையைக் கழுவினார். முதலில், நாங்கள் யாரையும் தொடவில்லை என்றார். அதையே மூன்று நான்கு தரம் சொன்னார். எங்களைக் கூப்பிட்டது குழி வெட்டத்தான், மண்வெட்டி உள்ளவன் எல்லாம் வரணும் என்று சொன்னார்கள், வராவிட்டால் அந்தக் குழியில் உனக்கும் இடம் என்று சொன்னார்கள். ஆற்று வளைவில், இலவமரத்துக்குக் கீழே. விடியற்காலையில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வாத்தியாரை மட்டும் யாரும் கட்டி இழுத்து வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரே நடந்து வந்தார்.

"வந்து மரத்துல சாச்சாரு. சாச்சுட்டுப் பூட்டினாருடா. பூட்டினாரு. பழக்கம் பாரு, அந்த எடத்துலயும்." கிழவர் மூச்சு வாங்கினார். "உங்கப்பனை அவருக்குத் தெரியும். பெரியவங்களுக்குன்னு சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தருவாரு, உங்கப்பன் ரெண்டு மாசம் போயிருக்கான். மண்வெட்டியோட நின்னவன்கிட்ட வந்து சாவியைக் கையில வெச்சாரு. ஆத்மோ, வண்டியை என் மககிட்ட கொடுத்துடுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல."

களவு என்று நினைத்துக்கொண்டுதான் சர்ஜிமான் வயலைக் கடந்து வந்திருந்தார். களவாக இருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றியது. இது ஒப்படைத்த பொருள். சாகப்போகிறவன் நம்பிக் கையில் வைத்த பொருள்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. பயம்டா, பயம், உனக்கு என்ன தெரியும் என்றார். அந்த வீட்டு வாசலில் நின்றாலே பெயர் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் கொடுக்கலாம், அடங்கட்டும் என்று மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் வைத்திருந்தான் உங்கப்பன். அடங்கவே பல மாசம் ஆயிற்று. அதற்குள் வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. அதுவரை கால்நடைதானே எல்லா இடத்துக்கும். கொல்லனிடம் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டினான், பச்சை பூசினான், பகலில் ஓட்டிக்கொண்டு வந்தான்.

"நல்லவன்தான் உங்கப்பன்" என்றார் காஸ்டி. "அதையும் சேத்துக்கோ."

சர்ஜிமான் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தார், இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. துமினியிடம் சொன்னார். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அந்த வண்டியில் வந்துதானே என்னைப் பெண் பார்த்தீங்க என்றாள்.

மறுநாள் கெடுங்சாரியில் இடுகாட்டுச் சடங்கு. துமினி ரோஜா, மல்லிகை, கெனாங்காப் பூ எல்லாம் வாங்கி வாழையிலை போட்ட கூடையில் ஈரத்துணி மூடி வைத்திருந்தாள். மாமனார் கல்லறைக்கு என்று வருஷாவருஷம் ஒரு கூடை. காலையில் சர்ஜிமான் குளித்து, நல்ல பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, அந்தக் கூடையை எடுத்து வண்டியின் பின்னால் கட்டினார். இடுகாடு வடக்கே. வண்டி தெற்கே திரும்பியது. துமினி வாசலில் நின்று பார்த்தாள், கூப்பிடவில்லை.

இமோசாரி ரொம்பத் தூரம் இல்லை. பாலத்தைத் தாண்டி, கரும்புக் கொல்லையைச் சுற்றினால் வந்துவிடும். வியர்வை வழியும் முன்னே வந்துவிட்டது, அதுதான் சர்ஜிமானுக்குத் தாங்கவில்லை.

மூர்தானி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சர்ஜிமான் வண்டியைச் சாய்க்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுரண்டின இடத்தைக் காட்டினார். கருப்பைக் காட்டினார். எட்டுக்குள் இருக்கிற மூன்றைக் காட்டினார். அப்பா பெயர் ஆத்மோ என்றார். குழியைச் சொன்னார். சாவியைச் சொன்னார். என் மகளிடம் கொடுத்துவிடு என்று சொன்னதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். கீரை மடியிலிருந்து கொட்டியது. எண்ணின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக, உதடு அசையத் தடவினார். இரண்டாவது எண்ணில் விரல் நின்றது.

"உங்கப்பா எப்ப தவறினார்?"

"எழுபத்தொம்பதுல இபு."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "பதினாலு வருஷம் இருந்திருக்கார்" என்றார். "எங்க வீடு இங்கதான் இருந்துச்சு. இதே வீடு."

சர்ஜிமானை ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால்கூட அவர் நிமிர்ந்து நின்றிருப்பார். அந்த அம்மாள் திட்டவில்லை, சபிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? உள்ளே போய் முக்காட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இடத்தைக் காட்டுங்கள் என்றார்.

வண்டியில் ஏறச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். நடந்தார்கள். சர்ஜிமான் வண்டியை உருட்டினார், மூர்தானி மறுபக்கம் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தார். ஆற்று வளைவில் இலவமரம் இன்னும் இருந்தது, அடியில் யாரோ மரவள்ளி போட்டிருந்தார்கள். காஸ்டி சொன்ன அடையாளங்களைச் சர்ஜிமான் சொன்னார். மரத்துக்குக் கிழக்கே, கரை சரிகிற இடத்துக்கு முன்னே. துல்லியமாக எந்த அடி என்று அவருக்கும் தெரியாது, கிழவருக்கும் தெரியாது.

மூர்தானி கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இத்தனை வருஷம் தேடிய இடத்துக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் முதல் தடவையாகக் குழைந்தது. சர்ஜிமான் பின்னால் கட்டியிருந்த கூடையை அவிழ்த்து, ஈரத்துணியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது யாருக்கு வாங்கினது?" என்று கேட்டார் அந்த அம்மாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, ருவாஹ் மாதத்தில் கூடைப்பூ யாருக்கு என்று ஜாவாவில் யாருக்குத் தெரியாது?

"வாத்தியாருக்குத்தான்" என்றார் சர்ஜிமான்.

அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். மரவள்ளிச் செடிகளுக்கு இடையில் மெதுவாக நடந்து, ஒரு இடம் விடாமல் தூவினார், கூடையின் அடியில் ஒட்டியிருந்த இதழ் வரைக்கும். பிறகு உட்கார்ந்து பாத்திஹா ஓதினார். ஓதி முடித்தபின்னும் உதடு அசைந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் பாடம் முடிந்ததும் ஒப்பித்த மாதிரி, ஒவ்வொன்றாக. அது என்ன என்று சர்ஜிமான் கேட்டு அறிய வேண்டியதில்லை.

வண்டி இமோசாரியில், அந்த வீட்டுக் கூடத்தில், சுவரோரம் நின்றது. சர்ஜிமான் கையைத் துடைத்துக்கொண்டு, கால்நடையாகக் கிளம்பினார்.

இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஓதுதல் முடிந்து, ஆபெம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். கீத்தோ அவரைப் பார்த்து, என்ன காங், ராஜாவுக்கு இன்று வாகனம் இல்லையா என்றான். முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். சுற்றிலும் எல்லாக் கல்லறைகளும் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தன. ஆத்மோவின் கல்லறையில் புல் பிடுங்கியிருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது. பூ இல்லை. அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் துமினியிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சித்தி, பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி பூவுக்குமா பஞ்சம் என்று உரக்கவே கேட்டாள். சர்ஜிமான் கல்லறையின் தலைமாட்டில் போய்க் குந்தினார். தொட வேண்டும் என்று கை போயிற்று, தொடாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். துமினிக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"அப்பா, வண்டியை அவர் மககிட்ட கொடுத்துட்டேன்."